அப்டேட் போடாதவர்களுக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதித் தாக்கல் செய்து கொடுப்பது இவருடைய தொழில். ஆரணிப் பட்டுக் கடைகள், குடியாத்தம் லுங்கி வியாபாரிகள், ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துத் தரும் யூனிட்டுகள், வேலூர் டவுனில் சில மருந்துக் கடைகள் என்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கொரோனா சமயத்தில் வாடகை இடத்தைக் காலி செய்தவர், திரும்ப எடுக்கவில்லை. எட்டுப் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். பேரணாம்பட்டில் இருவர், வாலாஜாவில் இருவர், கல்யாணமாகி ஓசூர் போய்விட்ட ஒருவர் என்று ஆளுக்கொரு ஊர்.

முதலில் தினமும் காலை 9.30க்கு ஜூமில் கூடினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் என்பதால் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுச் சமையலறையில் நின்றார்கள். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துபோகும்; எட்டாவது ஆள் பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடும். பிறகு சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பி சொன்னபடி, காலை 10 மணிக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுத வேண்டும் என்று மாற்றினார்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன பிரச்சினை. முதல் வாரம் ஒழுங்காக வந்தது. அடுத்த வாரமே 'குட் மார்னிங் மேம், சேம் வொர்க் மேம்' என்று ஆகிவிட்டது. ஒரு பெண் பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு 11 மணிக்குத்தான் எழுதுகிறார். இன்னொரு பெண் எழுதுவதே இல்லை. போன மாதம் ஒரு மருந்துக் கடையின் ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் படிவம்), கெடுவான 20ஆம் தேதியைத் தாண்டிப் போய்விட்டது. கடைக்காரர் தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் இவர் தலையில் கட்டிவிட்டார். அந்தக் கடையைப் பார்க்கும் பெண் 17, 18, 19 மூன்று நாளும் குரூப்பில் '3பி பெண்டிங் மேம், ஓடிபி' என்று எழுதியிருந்தாராம்.

இனி அவருடைய கேள்விகள். இதைக் காசு செலவில்லாமல் நடத்த முடியுமா, அல்லது தம்பி சொல்லும் மாதச் சந்தா ஆப்பை வாங்கத்தான் வேண்டுமா? 10 மணிக்குள் எழுதாதவர்களுக்கு அரைநாள் சம்பளம் பிடிக்கலாமா? லைவ் லொகேஷன், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள் இவற்றைப் போடலாமா? 'நான்தான் ரொம்ப இடம் கொடுத்துவிட்டேனா?'

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் இடம் கொடுத்ததால் வந்த சிக்கல் இல்லை இது. உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய வரி, அந்த '3பி பெண்டிங் மேம், ஓடிபி' என்ற வரிதான். அந்தப் பெண் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் தொடர்ந்து சொல்லியிருக்கிறார். கடைக்காரரின் செல்போனுக்குப் போகும் ஓடிபி கிடைக்காமல் அவரால் தாக்கலை முடிக்க முடியாது. கடைக்காரரிடம் உரிமையோடு போன் போட்டுக் கேட்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் அந்த வரி ஏழு குட் மார்னிங்குகளுக்கும் யாரோ அனுப்பிய பூ படத்துக்கும் நடுவில் போய்விட்டது.

உங்கள் மனதைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. எட்டுப் பேரின் வேலையையும் முப்பது நாற்பது கடைக்காரர்களின் போனையும் ஒரே ஆளாகத் தாங்குகிறீர்கள் என்று கடிதத்திலிருந்தே புரிகிறது. ஆனால் 'அவர்கள் ஒழுங்காக எழுதுவதில்லை' என்பதை மட்டும் பிரச்சினையாக எடுத்துக்கொண்டால், தவறான இடத்தில் பணமும் கண்டிப்பும் செலவாகும். எழுதினால் பதில் வராது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், யாராக இருந்தாலும் 'சேம் வொர்க் மேம்' என்றுதான் எழுதுவார்கள். முதலில் மாற வேண்டியது படிக்கும் பக்கம்.

பணம் கட்டும் ஆப் தேவையா?

எட்டுப் பேருக்குத் தேவையில்லை. தம்பியின் கம்பெனியில் அது பயன்படலாம். அங்கே எல்லாரும் நாள் முழுக்க லேப்டாப்பில் ஸ்லாக் என்ற அலுவலகச் செய்தி ஆப்பைத் திறந்து வைத்திருப்பார்கள். உங்கள் பெண்கள் டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றிக்கொண்டே, போனில்தான் செய்தி பார்க்கிறார்கள். புது ஆப், புது பாஸ்வேர்ட் என்றால் அதுவே ஒரு தடை.

உங்களுக்கு நான் சொல்வது கூகுள் ஃபார்ம். சாதாரண ஜிமெயில் கணக்கு போதும், காசு கிடையாது. பெயரையும் கடையின் பெயரையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிடுங்கள். எழுத வேண்டிய இடம் இரண்டே இரண்டு இருக்கட்டும். ஃபார்மில் பதில்கள் வரும் பக்கத்தில், அவை ஒரு ஷீட்டில் தானாகச் சேரும்படியும், ஒவ்வொரு பதிலுக்கும் உங்களுக்கு மெயில் வரும்படியும் அமைக்கலாம். அந்த ஷீட்டைப் பார்க்க மட்டும் முடியும் என்ற அனுமதியோடு எல்லாருக்கும் கொடுங்கள். ஒருவருடைய சிக்கலுக்கு விடை இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். வாலாஜாக்காரர் சந்தித்த அதே எச்எஸ்என் (பொருளின் வகையைக் குறிக்கும் எண்) குழப்பத்தைப் பேரணாம்பட்டுப் பெண் போன மாதமே தீர்த்திருப்பார்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்த ஷீட்டின் வலது ஓரத்தில் ஒரு காலம் (மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசை) சேர்த்து, மேலே 'பதில்' என்று எழுதுங்கள். அது நீங்கள் நிரப்ப வேண்டிய காலம். 'நான் 3 மணிக்குக் கடைக்காரரைக் கூப்பிடுகிறேன்', 'பில் வந்துவிட்டது, மெயில் பார்', 'இதை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்' என்று அரை வரி போதும். மதியம் 12க்கு ஒருமுறை, சாயங்காலம் 5க்கு ஒருமுறை உட்கார்ந்து காலியாக இருக்கும் கட்டங்களை நிரப்புங்கள். இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம் ஆகும். இலவசம் என்று நாம் சொல்லும் முறைக்கு உண்மையான விலை இந்த அரை மணி நேரம்தான். பணம் கட்டும் ஆப் வாங்கினாலும் இந்த விலை குறையாது.

வாட்ஸ்அப் குரூப்பைக் கலைக்க வேண்டாம். நல்லது கெட்டது பேச அது இருக்கட்டும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டின் வருடாந்திரத் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே எந்த ஆப்பாக இருந்தாலும் சரி, பில்லும் ஒப்புதலும் கடைவாரியான ஃபோல்டரில் தனியாக இருக்கட்டும். தினசரி அப்டேட்டை ஆவணமாக நம்பாதீர்கள்.

என்ன கேட்பது, எந்த மொழியில் கேட்பது

தம்பி கொடுத்த மூன்று கேள்விகள், சாஃப்ட்வேர் குழுக்கள் வேலையைப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் என்ற முறையிலிருந்து வந்தவை. அந்த முறையின் அதிகாரபூர்வக் கையேடே 2020 பதிப்பில் அந்த மூன்று கேள்விகளையும் எடுத்துவிட்டது. அப்படியிருக்கும்போது கணக்கு எழுதும் உங்களுக்கு அவை பொருந்தவில்லை என்றால் ஆச்சரியமில்லை. 'நேற்று என்ன செய்தாய்' என்பது காதில் விழும்போதே விசாரணை மாதிரி இருக்கிறது. தவிர, பில் ஏற்றும் வேலை நேற்றும் அதுதான், இன்றும் அதுதான். 'சேம் வொர்க்' என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இன்று எந்தக் கடையில் எது முடியும்? எது நிற்கிறது, யாரிடமிருந்து என்ன வர வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு 'எதுவும் இல்லை' என்பதும் நல்ல பதில்தான் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வலிந்து எதையாவது எழுதுவார்கள்.

ஒரு நல்ல பதில் எப்படி இருக்கும் என்று முதல் நாளே காட்டுங்கள். 'பர்ச்சேஸ் என்ட்ரி போய்க்கொண்டிருக்கிறது' என்பதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. 'பட்டுக் கடை, 3பி ரெடி. சூரத் பார்ட்டியின் இரண்டு பில் 2பியில் வரவில்லை. விட்டுவிட்டுப் போடலாமா, ஓனரைக் கேட்க வேண்டுமா?' என்று எழுதினால், உங்களால் உடனே முடிவெடுக்க முடியும். எழுத அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. (2பி என்பது, விற்றவர்கள் காட்டிய பில்களிலிருந்து தானாக உருவாகும் ஜிஎஸ்டி பட்டியல்.)

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற விதியை இன்றே எடுத்துவிடுங்கள். அந்த விதி எந்த வாடிக்கையாளருக்காகவும் வந்ததில்லை. ஷீட்டைப் படிக்கப் போவது நீங்களும் அந்த எட்டுப் பேரும்தான். குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ பி.காம் படித்த பெண்ணுக்கு டெபிட், கிரெடிட் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒன்பது பேர் பார்க்கும் இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னால், தப்பாகிவிடுமோ என்று கை நின்றுவிடும். அதனால்தான் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒரே வரியை அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். தமிழில் எழுதட்டும், ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கட்டும், போன் கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக விழும், அப்படியும் செய்யட்டும்.

ஓடிபி, பாஸ்வேர்ட், கடைக்காரரின் வங்கி விவரம் இவை எதுவும் ஃபார்மில் வரக்கூடாது. இதை ஃபார்மின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

10 மணி என்ற கெடு

எல்லாரும் ஒரே நேரத்தில் கூட முடியவில்லை என்பதால்தானே எழுத்துக்கு மாறினீர்கள்? பிறகு எல்லாரும் ஒரே நேரத்துக்குள் எழுத வேண்டும் என்றால், பழைய 9.30 மீட்டிங்தான் வேறு வேஷத்தில் வருகிறது. மதியம் 12 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் என்று வையுங்கள். இரவு 11க்கு எழுதும் பெண்ணின் பதில் மறுநாளுக்கான பதிலாகக் கணக்கில் வரட்டும். அவருடைய வேலைதான் எல்லாரையும்விடச் சுத்தமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் இரவில் எழுதுகிறார் என்பதற்காக நீங்கள் இரவில் பதில் போடாதீர்கள். உங்கள் பதில் வந்தால் அவர் எழுந்து உட்கார்ந்து வேலையைத் திறப்பார்.

பராமரிப்பு என்று காலை 9க்கு மின்சாரத்தை நிறுத்தினால் நம் ஊரில் சாயங்காலம்தான் வரும். அந்த மாதிரி நாளில் 'கரன்ட் இல்லை' என்ற ஒரு வரி போதும்.

தினமும் என்பதும் கல்லில் செதுக்கியது இல்லை. உங்கள் தொழிலில் மாதத்தின் எல்லா நாளும் ஒன்றில்லை. விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, 2பி வருவது 14ஆம் தேதி, 3பிக்கு 20ஆம் தேதி. 14லிருந்து 20 வரையான ஏழு நாளில்தான் உண்மையான நெருக்கடி. அந்த நாட்களில் அப்டேட் தினமும் வேண்டும். 18, 19, 20 மூன்று நாளும் எழுத்தை மட்டும் நம்பாமல், பத்து நிமிடம் எல்லாரும் போனில் கூடி, தாக்கல் ஆகாத கடைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 3பி தாமதமானால் ஒரு நாளுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தொகை சில சமயம் சிறிதுதான். கடைக்காரரின் நம்பிக்கை போவது அப்படியில்லை. 21க்குப் பிறகு மாதக் கடைசி வரை வாரத்தில் மூன்று நாள் எழுதினால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சம்பளப் பிடித்தம்

இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒருவர் அன்று வேலை செய்திருக்கிறார், குரூப்பில் மட்டும் எழுதவில்லை என்றால், அவரை ஆப்சென்ட் என்று காட்டிச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. வராத நேரத்துக்குப் பிடிக்கலாம், அதுவும் வராத அளவுக்கு மட்டும். 10.05க்கு எழுதினார் என்று அரைநாள் பிடித்தால் அது அபராதம் ஆகிவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, அபராதத்துக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது: எந்தச் செயலுக்கு அபராதம் என்பது அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்தத் தொழிலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும், மொத்த அபராதம் அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மாதம் 12,000 ரூபாய் வாங்குபவருக்கு அது 360 ரூபாய். நீங்கள் நினைக்கும் அரைநாள் பிடித்தம் ஒரு மாதத்தில் நான்கு முறை நடந்தாலே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். உங்கள் ஆட்களுக்கு எழுத்து மூலமான நியமனக் கடிதம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இல்லையென்றால், ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டி அதை முதலில் கொடுங்கள். வேலை நேரம், விடுப்பு, சம்பளத் தேதி அதில் தெளிவாக இருக்கட்டும்.

சட்டத்தை விடுங்கள். பணம் பிடித்தால் பதில் கட்டாயம் வரும், எட்டுப் பேரும் 9.55க்கு எழுதுவார்கள். ஆனால் எது நிற்கிறது என்ற தகவல் அந்தப் பதில்களில் இருக்காது. அடி விழும் இடத்தில் யாரும் தன் வேலை நிற்கிறது என்று எழுத மாட்டார்கள். அடுத்த மருந்துக் கடையின் விஷயம் உங்களுக்கு 21ஆம் தேதிதான் தெரியவரும்.

லைவ் லொகேஷன், ஸ்கிரீன்ஷாட்

இரண்டும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்ணின் லொகேஷன் உங்களுக்கு எதற்கு? அவர் பிள்ளையை அழைத்து வரப் பள்ளிக்கூடம் போனாரா என்பது பில் ஏறியதா என்பதைச் சொல்லாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. கடமைகள் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. ஒருவருடைய தகவலை எதற்காக எடுக்கிறோம், தேவைக்கு மேல் எடுக்கிறோமா என்ற கேள்விக்குச் சிறிய அலுவலகமும் பதில் வைத்திருக்க வேண்டிய காலம் இது.

ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அந்தத் திரையில் தெரிவது ஆரணிக் கடைக்காரரின் பேங்க் ஸ்டேட்மென்ட். சில நிமிடத்துக்கு ஒருமுறை அது படமாக எடுக்கப்பட்டு, யாரென்றே தெரியாத ஒரு கம்பெனியின் சர்வரில் போய் உட்காரும். அவர் உங்களை நம்பித்தான் கொடுத்தார். வேலை நடக்கிறதா என்று பார்க்க உங்களிடமே சரியான அளவுகோல் இருக்கிறது: எத்தனை கடை தாக்கல் ஆனது, எத்தனை பிழை திரும்பி வந்தது. அதை மாதம் ஒருமுறை பாருங்கள்.

எழுதாத அந்தப் பெண்

குரூப்பில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். நம் வீடுகளில் போன் ஒருவருடைய கையில் மட்டும் இருப்பதில்லை. மாமியார் பார்ப்பார், கணவர் பார்ப்பார், பையன் கேம் ஆடும்போது மேலே செய்தி விழும். 'இன்னும் அப்டேட் வரவில்லை' என்ற உங்கள் ஒரு வரி, அந்த வீட்டில் 'இந்த வேலை உனக்கு எதற்கு' என்ற பேச்சாக மாறலாம். எத்தனையோ பெண்கள் வேலையை விட்டது வேலை பிடிக்காமல் இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்த நேரமாகப் பார்த்து, நீங்களே போன் செய்யுங்கள். 'ஏன் எழுதவில்லை' என்று ஆரம்பிக்காமல், 'எந்தக் கடை உனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று கேளுங்கள். போன் இல்லையா, நெட் இல்லையா, எழுதக் கூச்சமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்பது பேச்சில் வந்துவிடும். எழுத வராதவர் என்றால் குரல் பதிவு அனுப்பட்டும், ஷீட்டில் நீங்கள் ஏற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் செய்தும், வேலையும் வராமல் தகவலும் வராமல் இருந்தால், அது வேலைத் திறன் சம்பந்தப்பட்ட பேச்சு. அப்போது தனியாக உட்காரவைத்து, என்ன எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை நாளில் என்று நேராகச் சொல்லுங்கள். அதில் கண்டிப்பாக இருப்பதில் தவறே இல்லை.

எழுத்துக்கு மாறுவதில் ஒரு இழப்பும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பழைய அலுவலகத்தில் டீ வரும்போது பேசிக்கொண்டார்கள் அல்லவா, அது ஃபார்மில் வராது. நாள் முழுக்க வீட்டில் தனியாகப் பில் ஏற்றுவது மனதை அழுத்தும் வேலை. வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை மதியம் போல, அரை மணி நேரம் வீடியோவில் கூடுங்கள். அதில் வேலை பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பெண்டிங் பட்டியலை வாசிக்காதீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை எல்லாரும் வேலூரில் நேரில் சந்தித்தால் இன்னும் நல்லது. பஸ் செலவை நீங்கள் கொடுங்கள். ஓசூர்ப் பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் தூரம்.

இந்த மாதத் தாக்கலுக்கு நடுவில் எதையும் மாற்றாதீர்கள். 21ஆம் தேதிக்குப் பிறகு புது ஃபார்மை அனுப்பி, பத்து நாள் பழகவிட்டு, அடுத்த மாதம் 14க்குள் தயாராகிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் 'பதில்' காலத்தை நிரப்ப ஒருவரை இப்போதே முடிவு செய்து, கடைக்காரர்களிடமும் அவர் பெயரைச் சொல்லி வையுங்கள். ஓடிபி கேட்டு அவர் கூப்பிட்டால் அவர்கள் தயங்காமல் கொடுக்க வேண்டும். இரவு 11க்கு எழுதும் பெண்ணுக்கு நேரம் ஒத்துவந்தால், அந்தப் பொறுப்பை முதலில் அவரிடம் கேட்டுப் பாருங்கள். கூடுதல் வேலை என்பதால் சம்பளத்திலும் அதற்குரியதைச் சேர்த்துக் கொடுங்கள்.